கண்ணாடியும் சட்டமும்



ஏப்ரல் திங்கள் 14-ஆம் நாள் தமிழர்களாகிய நமக்குப் பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டோடு சேர்ந்து வருகின்ற நாள். இந்திய நாட்டின் தீயணைப்புப் படையினருக்கோ அது நினைவு நாள். 1944-ஆம் ஆண்டு அதே தேதியில், பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா துறையில் ‘போர்ட் ஸ்டிக்கீன்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. பருத்திப் பொதிகளையும் வெடிமருந்துகளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தீயை அணைக்கச் சென்ற படையினரில் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்களுடைய நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. அன்று நிகழ்ந்த வெடிப்பில், பல மைல்களுக்கு அப்பாலிருந்த வீடுகளின் சாளரக் கண்ணாடிகளும் நொறுங்கின என்பார்கள்.

அந்த நாளில் கண்ணாடி என்பது கட்டடத்தின் ஒரு சிறு பகுதி. தடித்த சுவரில் ஒரு சாளரம், அதில் இரண்டோ நான்கோ கண்ணாடிச் சில்லுகள், வெளியே ஒரு மரக்கதவு, அவ்வளவுதான். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. தில்லி, பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் எழும் அலுவலகக் கட்டடங்களைப் பார்த்தால், சுவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அடி முதல் முடி வரை கண்ணாடி. உள்ளே அறைக்கும் நடைவழிக்கும் இடையிலும் கண்ணாடி. சில இடங்களில் படிக்கட்டைச் சுற்றியும் கண்ணாடி. வெளிச்சம் தாராளமாக வருகிறது. இடம் விசாலமாகத் தோன்றுகிறது. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால், சுவர் செய்த வேலையைக் கண்ணாடி செய்யுமா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. வெயிலையும் மழையையும் தடுப்பதோடு சுவரின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஓர் அறையில் பற்றிய தீயை, மக்கள் வெளியேறும் வரை, அந்த அறைக்குள்ளேயே நிறுத்தி வைப்பதும் சுவரின் கடமை. அந்தக் கடமையைக் கண்ணாடியிடம் ஒப்படைக்கும்போது நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நாம் பொறியியல் படித்தவர் அல்லர். அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரிகின்றவர். கட்டடக் கலை பற்றி நாம் பேச வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன், தீப்பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை நம்மிடம் வந்தது. ஆங்கில மூலத்தில் இரண்டு வகைக் கண்ணாடிகளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. உடைந்தாலும் உடலைக் கிழிக்காதது ஒன்று. தீயைக் குறித்த நேரம் வரை தாங்குவது மற்றொன்று. இரண்டும் பாதுகாப்புக்காகத்தானே என்று எண்ணி, இரண்டையும் ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்றே எழுதிவிட்டோம். படிக்க ஓட்டமாகத்தான் இருந்தது. கைப்பிரதியைப் பார்வையிட்ட பொறியாளர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, “ஐயா, இந்தச் சொல்லை நம்பி ஒரு குத்தகைதாரர் படிக்கட்டுக் கதவில் முதல் வகைக் கண்ணாடியைப் பதித்துவிட்டால், அந்தப் படிக்கட்டில் இறங்குகிறவர்களுக்கு யார் பொறுப்பு?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி நம்மை உறங்கவிடவில்லை. அதன் பின்னர் அவரிடமே சென்று கேட்டறிந்தவையும், நாமாகப் படித்துத் தெளிந்தவையுமே இங்கே சொல்லப்படுகின்றன.

சாதாரணக் கண்ணாடி சூட்டில் ஏன் உடைகிறது? இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. எரிகின்ற அரிக்கேன் விளக்கின் சிமினியில் ஒரு துளி நீர் பட்டால் ‘டப்’ என்று விரிசல் விடுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். சூடான பகுதி விரிய முயல்கிறது. குளிர்ந்த பகுதி அதற்கு இடங்கொடுக்க மறுக்கிறது. இந்த இழுபறியில் கண்ணாடி பிளக்கிறது. சாளரத்திலும் இதுவே நிகழ்கிறது. தீயின் வெப்பம் கண்ணாடியின் நடுப்பகுதியைத் தாக்குகிறது. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்போ குளிர்ந்தே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில பத்து டிகிரி வேறுபாடு ஏற்பட்டாலே போதும். விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கிவிடும். பிறகு துண்டு துண்டாக விழும்; தீக்கு வழி திறக்கும்.

பதமூட்டிய கண்ணாடி என்று ஒன்று உண்டு; கடைத்தெருவில் ‘டஃபண்ட் கிளாஸ்’ என்பார்கள். கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பாய்ச்சித் திடீரெனக் குளிர்விப்பார்கள். இதனால் அது சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு வலிமை பெறுகிறது. உடைந்தாலும் கற்கண்டுத் துணுக்குகளைப்போல் உதிர்கிறது. மோதலுக்கு இது மிக நன்று. ஆனால் இதன் வலிமை, குளிர்வித்த முறையில் பிறந்த வலிமை; மறுபடி நன்றாகச் சூடேறினால் அந்தப் பதம் கரைந்துவிடும். உடைகின்ற போதோ முழுப் பலகையும் ஒரே கணத்தில் உதிர்ந்துவிடும். ஆகவே, தனியே நிறுத்திய சாதாரணப் பதமூட்டிய கண்ணாடியைத் தீத்தடுப்பாகக் கருதுவது தவறு. நம் கைப்பிரதியில் நேர்ந்த பிழை இதுவே. இதே பிழை கட்டட உரிமையாளர் பலரிடமும் உள்ளதாகப் பொறியாளர் கூறினார்.

அப்படியானால் தீயைத் தாங்கும் கண்ணாடி எது? அது ஒன்றல்ல, ஒரு குடும்பம்.

மூத்தது கம்பிவலைக் கண்ணாடி. 1892-இல் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பிராங்க் ஷூமன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சூட்டில் இதுவும் விரிசல் விடும். ஆயினும் உள்ளே பதித்த கம்பிவலை துண்டுகளை விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய அரசாங்கக் கட்டடங்களின் படிக்கட்டுக் கதவுகளில் இதைக் காணலாம். இதற்கு ஒரு குறையும் உண்டு. கம்பி இருப்பதால் மோதலையும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சாதாரணக் கண்ணாடியைவிடவும் இது மோதலுக்கு இளைத்தது. கை புகுந்தால் உடைந்த கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

அடுத்தது, சூட்டில் அதிகம் விரியாத கண்ணாடி. போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவே விரிகிறது. பீங்கான் கண்ணாடியோ ஏறத்தாழ விரிவதேயில்லை. அதன் பிறப்பே ஒரு தவறினால் நேர்ந்தது. 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்ற வேதியியலார் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாடு பழுதாகி வெப்பம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்து பார்த்தால், துண்டு வெண்ணிறமாகி முழுமையாக இருந்தது. எடுக்கும்போது கைதவறித் தரையில் விழுந்தும் உடையவில்லை. அந்த வழியில் வந்த, ஒளி ஊடுருவும் பீங்கான் கண்ணாடி இன்று தீக்கதவுகளிலும் பயன்படுகிறது. செந்தழலாகச் சூடேறியபோது குளிர்நீரைப் பாய்ச்சினாலும் அது பிளப்பதில்லை.

மூன்றாவது வகை, அடுக்குக் கண்ணாடி. பல கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிகேட்டை மெல்லிய அடுக்காக வைத்திருப்பார்கள். சாதாரண நாளில் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். தீப்பக்கம் சுமார் 120 டிகிரியை எட்டியதும், எண்ணெயில் இட்ட அப்பளம்போல அந்த அடுக்கு பொரிந்து நுரைத்து வெண்ணிறமாகிவிடும். ஓர் அடுக்கு முடிந்தால் அடுத்தது. கண்ணாடியாக இருந்தது சுவராக மாறுகிறது என்றே சொல்லலாம். ஆனால் நம் நாட்டுக்கு ஓர் எச்சரிக்கை: இவ்வகைக் கண்ணாடியைக் கட்டடப் பணியிடத்தில் கடும் வெயிலில் போட்டுவைக்கலாகாது; இடையடுக்கில் குமிழிகள் தோன்றலாம். விளிம்பில் ஈரம் புகுந்தாலும் கெடும். ஆகையால் பணியிடத்தில் வெட்டுவதோ துளையிடுவதோ கூடாது.

இவ்வகைகளைத் தரம் பிரிக்க மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். முதலாவது, தீயும் புகையும் ஊடே வராமல் நிற்கிறதா? பிளவின் அருகே ஒரு பஞ்சுத் திண்டைப் பிடிப்பார்கள். அது பற்றினால் தேர்வில் தோல்வி. இரண்டாவது, மறுபக்கம் வீசும் வெப்பக் கதிர் எவ்வளவு? ஒரு மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டலாகாது என்பது ஐரோப்பிய அளவு. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்பதை நினைத்தால் இதன் கடுமை புரியும். மூன்றாவது, மறுபக்கத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறுகிறது? சராசரியாக 140 டிகிரிக்கும், எந்த ஓரிடத்திலும் 180 டிகிரிக்கும் மேல் ஏறலாகாது. இவற்றை ஈ, ஈ-டபிள்யூ, ஈ-ஐ என்ற எழுத்துகளால் குறித்து, தாங்கிய நிமிடங்களையும் சேர்த்து எழுதுவார்கள்.

இந்த வேறுபாடு ஏட்டளவினது அன்று. பீங்கான் கண்ணாடி தீயை நிறுத்தும். ஆனால் வெப்பத்தை ஊடுருவ விடும். நடைவழியின் ஒருபுறம் முழுவதும் அது இருந்தால், தீ வெளியே வராது. ஆயினும் அந்த நடைவழியில் மனிதர் நடக்க இயலாது. உயிர் பிழைக்க ஓடும் பாதைக்கு மூன்றாம் கேள்விக்கும் விடை சொல்லும் கண்ணாடியே தேவை. கதவில் பதித்த சிறு பார்வைச் சில்லுக்கு முதல் தரமே போதுமான இடங்களும் உண்டு. விலை மிகுந்ததை எங்கும் வைப்பதன்று அறிவு. வேண்டிய இடத்தில் வேண்டியதை வைப்பதே அறிவு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தமிழில் ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கண்ணாடியைச் சுற்றி நிற்பதும் சட்டம். நாட்டைக் காத்து நிற்பதும் சட்டம். இரண்டும் இங்கே தேவைப்படுகின்றன.

தீச்சோதனை உலையில் வெப்பம் ஏறும் ஒழுங்கு உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே: ஐந்தாம் நிமிடத்தில் 576 டிகிரி, பத்தாம் நிமிடத்தில் 678, அரை மணியில் 842, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1,049. அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது. அதற்கு நெடுநேரம் முன்னரே வலுவிழப்பது. ஆகவே, இரண்டு மணி நேரம் தாங்கும் விலையுயர்ந்த கண்ணாடியை வாங்கிச் சாதாரண அலுமினியச் சட்டத்தில் மாட்டினால், கண்ணாடி பழுதின்றித் தரையில் விழும், அவ்வளவே பயன். எஃகும் சூட்டில் வலுவிழக்கிறது. 550 டிகிரியை ஒட்டி அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிறது. எனினும் தக்க கனத்தில், உள்ளே காப்புப் பொருள் வைத்துச் செய்த எஃகுச் சட்டம் குறித்த நேரம் நிற்கும்.

மரம் எரியும் பொருளாயிற்றே என்பீர்கள். வியப்பு யாதெனில், நல்ல கனமான மரச் சட்டம் சாதாரண அலுமினியத்தை வென்றுவிடுகிறது. மரம் மேலிருந்து நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டரும் சற்று மேலும் கரியாகிக்கொண்டு போகிறது. அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிறது. அரை மணி நேரத்தில் சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் போகும் என்று கணக்கிட்டு, அதற்கு மேற்பட்ட கனத்தில் சட்டம் செய்தால் அது நிற்கும்.

சட்டத்தின் உள்ளமைப்பிலும் கவனம் வேண்டும். இரண்டு மீட்டர் உயரமுள்ள எஃகுச் சட்டம் 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லையென்றால் வளைந்து கண்ணாடியை நெரிக்கும். இடம் மிகுந்துவிட்டாலோ கண்ணாடி நழுவும். எனவே விளிம்பைச் சட்டம் எவ்வளவு பற்ற வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பவை அளந்து வகுக்கப்படுகின்றன. கண்ணாடி அமரும் கட்டைகள் எரியாத பொருளால் ஆனவை. சந்துகளில் ரப்பருக்குப் பதிலாகப் பீங்கான் இழை நாடா. கதவின் ஓரத்தில், சூடு பட்டால் பருத்துப் பிளவை அடைக்கும் பட்டை. சுவரில் பதிக்கும் திருகாணிக்குப் பிளாஸ்டிக் ஆப்பு வைத்தால் தீயில் அது உருகி, சட்டம் முழுவதுமே பெயர்ந்துவிடும். ஆகவே, கண்ணாடி, சட்டம், நாடா, திருகாணி, கீல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு தீத்தடுப்பு. அவை ஒன்றாகவே சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒன்றை மாற்றினாலும் சோதனைச் சான்று பொருளற்றதாகிவிடும்.

இனி மற்றொரு சட்டம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தியமைக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின் நான்காம் பகுதி கண்ணாடி முகப்பைக் குறித்துத் தெளிவாகப் பேசிற்று. தளத்துக்கும் கண்ணாடி முகப்புக்கும் இடையிலுள்ள சந்து, தளத்துக்கு ஈடான தீத்தாங்கு திறனுள்ள பொருளால் ஒவ்வொரு மாடியிலும் அடைக்கப்பட வேண்டும். இல்லையேல் அந்தச் சந்தே புகைபோக்கியாகிக் கீழ்மாடித் தீயை மேல்மாடிக்கு ஏற்றிவிடும். ஒவ்வொரு மாடியிலும் பத்து மீட்டருக்கு மேற்படாத இடைவெளியில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் குறையாத, வெளிப்புறம் திறக்கும் பலகைகள் முகப்பில் அமைய வேண்டும். தீயின்போது திறப்பதற்கானவை அவை என்று உட்புறத்தில் எழுதியிருக்கவும் வேண்டும்.

இந்த விதியின் தேவையைக் கண்ணீரே எடுத்துரைக்கிறது. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் புகை சூழ்ந்தபோது, மேல்மாடிகளில் இருந்தோர் சிலர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்தனர். ஒன்பது பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 9 விடியுமுன் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் நிலவறையில் மூண்ட தீயின் புகை, நோயாளிகள் படுத்திருந்த மாடிகளுக்கு ஏறியது. கண்ணாடியால் அடைபட்ட கட்டடத்தில் புகை வெளியேற வழியில்லை; தீயணைப்புப் படையினர் கண்ணாடியை உடைத்தே நோயாளிகளை இறக்கினர். ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். 2022 மே 13 அன்று தில்லி முண்ட்காவில் ஒரே படிக்கட்டுள்ள நான்கு மாடிக் கட்டடத்தில் 27 பேர் மடிந்தனர். அங்கும் பலர் கண்ணாடியை உடைத்தே தப்பினர். இவற்றிலெல்லாம் கண்ணாடி ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. அடைபட்ட வழிகளும், பொருள் குவித்த நிலவறைகளும், ஒற்றைப் படிக்கட்டும் காரணங்களே. ஆயினும் தீ பரவாதபடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் கண்ணாடியும், புகை போகத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கும் கண்ணாடியும் இருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்ற எண்ணம் எழாமலில்லை.

நம் பொறியாளர் இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, நம்மை நம் அலுவலகப் படிக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். நாள்தோறும் நான்கு முறை கடக்கும் கதவு அது. “இதைப் படித்துக் காட்டுங்கள்” என்றார். கண்ணாடியின் மூலையில் இருக்க வேண்டிய முத்திரை இல்லை. என்றோ உடைந்த சில்லுக்குப் பதிலாக யாரோ சாதாரணக் கண்ணாடியை வைத்து, மரப் பீடிங் அடித்து, மக்குப் பூசி முடித்திருந்தார்கள். தானே மூடிக்கொள்ள வேண்டிய கதவு அகலத் திறந்து கிடந்தது. அதைத் திறந்து நிறுத்த முட்டுக் கொடுத்திருந்தது எது தெரியுமா? ஒரு தீயணைப்பு உருளை! சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன. அந்த முட்டைப் பலமுறை நாமே காலால் தள்ளிச் சரியாக வைத்திருக்கிறோம். உரிய அதிகாரிகளுக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். மூன்றாவதற்குப் பின்னர்க் கதவு மாற்றப்பட்டது.

நேயர்கள் அனைவரும் கட்டடம் கட்டுபவர்கள் அல்லர். ஆயினும் எல்லோரும் ஏதேனும் ஒரு கட்டடத்தில் வேலை செய்கிறோம். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். நோயுற்றோரை மருத்துவமனையில் சேர்க்கிறோம். நாளை அங்குச் செல்லும்போது மூன்றைப் பாருங்கள். படிக்கட்டுக் கதவின் கண்ணாடி மூலையில் முத்திரை உள்ளதா? அந்தக் கதவு கைவிட்டதும் தானே மூடித் தாழ் விழுகிறதா? முகப்புக் கண்ணாடியில் திறக்கும் பலகை எங்கே உள்ளது, அதன் முன்னே பீரோவோ மேசையோ கிடக்கிறதா? பார்ப்பதற்குப் பணச் செலவில்லை. குறை கண்டால் கேளுங்கள். விடை வராவிட்டால் எழுதுங்கள்.

அந்தக் கையேட்டை நாம் திருத்தினோம். ‘தீப்புகாக் கண்ணாடி’ என்று எழுதலாம் என நண்பர் ஒருவர் கூறினார், ஏற்கவில்லை. எந்தக் கண்ணாடியும் காலமெல்லாம் தீயைப் புகவிடாமல் நிற்பதன்று. அரை மணியோ, ஒரு மணியோ, இரண்டு மணியோ தாங்கும். அந்த நேரத்துக்குள் மனிதர் இறங்கிவிட வேண்டும். ஆகையால் ‘தீத்தாங்கு கண்ணாடி’ என்று எழுதி, ஒவ்வோரிடத்திலும் அருகே நிமிடங்களையும் குறித்தோம். வாக்கியம் சற்று நீண்டுவிட்டது. ஓட்டமும் குறைந்துவிட்டது. ஆனால் அதைப் படித்து ஒருவர் கதவு செய்தால், அந்தக் கதவு நிற்கும்.